டிசிஎஸ் வரியா, வசதியா? வண்டிப் பேச்சில் வரும் சுருக்கங்களைப் பிரித்தறிய ஒரு வழிகாட்டி

ஷோரூமில் தரும் கொட்டேஷனில் டிசிஎஸ் என்று ஒரு வரி இருக்கும். எதிரே 12,000 ரூபாய். அதே காரின் பிரோஷரைப் புரட்டினால் பாதுகாப்பு வசதிகளின் பட்டியலிலும் டிசிஎஸ். வசதிக்குத்தான் தனியாகப் பணம் கேட்கிறார்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கொட்டேஷனில் இருப்பது, 10 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள வண்டிக்கு விற்பவரே 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி. உங்கள் பான் எண்ணில் அது வரவாகும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது வருமான வரி இணையதளத்தில் உள்ள உங்கள் வரிவரவுப் பட்டியலில் பார்த்துக் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். பிரோஷரில் இருப்பது டிராக்ஷன் கண்ட்ரோல், ஈரச் சாலையில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது.

இப்படி ஒரே எழுத்துகள் வேறு வேறு பொருளில் புழங்கும் துறையில், புதியவர் குழம்புவது அவருடைய குறை இல்லை. ஆனால் எதிரில் இருப்பவர் சரளமாகப் பேசும்போது கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிடுகிறோம். அந்தத் தலையாட்டலுக்குத்தான் பின்னால் காசு போகிறது. நூறு சுருக்கங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். தெரியாத ஒன்று எதிரே வந்தால் அதை எப்படிப் பிரிப்பது என்று தெரிந்தால் போதும்.

படி 1: எங்கே பார்த்தீர்கள் என்று முதலில் குறியுங்கள்

சுருக்கத்தை மட்டும் எழுதி இணையத்தில் தேடினால் தவறான பதில்தான் முதலில் வரும். எந்தக் காகிதத்தில், வண்டியின் எந்தப் பாகத்தில், யார் வாயில் வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பிஎஸ் என்பதைப் பாருங்கள். பழைய கார் விளம்பரத்தில் "ஏசி, பிஎஸ், பிடபிள்யூ" என்று வந்தால் பவர் ஸ்டீயரிங், பவர் விண்டோ. எஞ்சின் விவரத்தில் "90 பிஎஸ்" என்றால் குதிரைத்திறனின் மெட்ரிக் அளவு. அதை பிஎச்பியோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. 1 பிஎச்பி ஏறத்தாழ 1.014 பிஎஸ். 90 பிஎஸ் காரும் 89 பிஎச்பி காரும் நடைமுறையில் ஒரே திறன்தான். கிலோவாட்டில் கொடுத்திருந்தால் 1.36 ஆல் பெருக்கினால் பிஎஸ் கிடைக்கும். இனி, பிஎஸ்6 என்று எண்ணோடு வந்தால் அது பாரத் ஸ்டேஜ் மாசு விதி. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க அந்த விதிப்படியான வண்டிகளைத்தான் விற்க முடியும்.

எச்பியும் இப்படித்தான். எஞ்சின் பக்கத்தில் குதிரைத்திறன். ஆர்சி புத்தகத்தில் ஹைப்பாதிகேஷன், அதாவது கடன் கொடுத்த வங்கியின் உரிமைக் குறிப்பு. தவணை முழுக்கக் கட்டி முடித்தாலும் அந்தக் குறிப்பு தானாக அழியாது. வங்கியிடம் என்ஓசி எனப்படும் ஆட்சேபமில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி ஆர்டிஓவில் கொடுத்து நீக்க வேண்டும். பல வங்கிகளின் என்ஓசியில் காலாவதித் தேதி இருக்கும். வாங்கி பீரோவில் வைத்துவிட்டால் விற்கும் நாளில் மறுபடி வங்கிக்கு அலைய வேண்டியிருக்கும். பெங்களூரிலிருந்து பழைய கார் வாங்கி இங்கே கொண்டுவரும்போது விற்பவர் சொல்லும் என்ஓசி வேறு. அது அந்த ஊர் ஆர்டிஓ கொடுக்கும் படிவம் 28. "என்ஓசி ரெடி சார்" என்றால் "பேங்க் என்ஓசியா, ஆர்டிஓ என்ஓசியா?" என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டும் தேவைப்படும் வண்டியும் உண்டு.

ஏசிசிக்கு மூன்று பொருள். பழைய சாவித் துளையைச் சுற்றி எழுதியிருந்தால் அக்சசரி: எஞ்சின் ஓடாமல் ரேடியோ மட்டும் இயங்கும் நிலை. பிரோஷரில் ஏசி பற்றிய பத்தியில் வந்தால் ஆட்டோமேட்டிக் கிளைமேட் கண்ட்ரோல். ஏடாஸ், அதாவது ஓட்டுபவருக்கு உதவும் தானியங்கி வசதிகளின் பட்டியலில் வந்தால் அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல், முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி விட்டு வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. வேரியன்ட் ஒப்பீட்டுத் தாளில் வெறுமனே ஏசிசி என்று மட்டும் போட்டிருந்தால், எது என்று கேட்காமல் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

படி 2: பொதுப் பெயரா, கம்பெனிப் பெயரா?

ஒரே தொழில்நுட்பத்துக்கு ஒவ்வொரு கம்பெனியும் தனிப் பெயர் வைப்பது இரண்டாவது குழப்பம். திருப்பத்தில் வண்டி தடம் மாறிச் சறுக்கும்போது தனித்தனிச் சக்கரத்துக்கு பிரேக் கொடுத்து நிமிர்த்தும் அமைப்பின் பொதுப் பெயர் ஈஎஸ்சி. பாஷும் மெர்சிடிஸும் இதை ஈஎஸ்பி என்கின்றன, டொயோட்டா விஎஸ்சி, ஹோண்டா விஎஸ்ஏ, பிஎம்டபிள்யூ டிஎஸ்சி. ஒரு காரில் விஎஸ்ஏ இருக்கிறது, இன்னொன்றில் ஈஎஸ்பி இருக்கிறது என்று ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். இதில் எதுவுமே இல்லாத வேரியன்டைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

டீசல் எஞ்சின்களின் சிஆர்டிஐ, டிடிஐஎஸ், டிசிஐ எல்லாம் காமன் ரெயில் முறையில் டீசலைப் பீய்ச்சும் எஞ்சின்கள்தாம். ஃபியட்டின் 1248 சிசி எஞ்சின் ஒன்றே ஃபியட் காரில் மல்டிஜெட், மாருதியில் டிடிஐஎஸ், டாடாவில் குவாட்ராஜெட் என்று ஓடியது. பழைய ஸ்விஃப்ட் டீசல் வாங்குபவர் பாகம் தேடும்போது இது தெரிந்திருந்தால் கடையில் கூடுதலாக இரண்டு பெட்டிகள் திறக்கும். அதற்காகப் பெயர் வேறு என்றால் பாகம் ஒன்றேதான் என்று கண்ணை மூடி நம்பவும் கூடாது. பாக எண்ணை ஒத்துப்பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும், ஏனென்றால் இங்கே பெயர் மாறினால் பொருளும் மாறுகிறது. "ஆட்டோமேட்டிக்" என்ற ஒரே சொல்லுக்குள் நாலு தனி இயந்திரங்கள் இருக்கின்றன.

ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை அழுத்துவதையும் கியர் மாற்றுவதையும் ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது. மாருதி இதை ஏஜிஎஸ் என்கிறது. 2014-ல் செலேரியோவில் வந்தபோதுதான் குறைந்த விலைக் கார்களில் இது பரவத் தொடங்கியது. விலையும் பராமரிப்பும் குறைவு. கியர் மாறும்போது தலை லேசாக முன்னால் ஆடும். மேட்டில் வண்டியைச் சற்று நேரம் பிடித்து நிறுத்தும் ஹில் ஹோல்ட் இல்லாவிட்டால் பின்னால் உருளும். உள்ளே கிளட்ச் பிளேட் இருப்பதால் மேட்டு சிக்னலில் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரில் வண்டியை நிறுத்திப் பிடித்தால் அது தேயும்.

சிவிடியில் கியர்களே கிடையாது. எஃகு பெல்ட்டும் விட்டம் மாறும் இரண்டு புல்லிகளும்தான். நகர ஓட்டத்துக்கு மிக மென்மை. திடீரென்று அழுத்தினால் சத்தம் முதலில் ஏறும், வேகம் பின்னால் வரும். அது கோளாறு இல்லை. ஹூண்டாயும் கியாவும் இதையே ஐவிடி என்கின்றன. டிசிடியில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச். ஃபோக்ஸ்வாகனில் டிஎஸ்ஜி, டாடா ஆல்ட்ரோஸில் டிசிஏ. மாற்றம் மின்னல் வேகம். ஆனால் ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் உள்ளவை பம்பரோடு பம்பர் ஊரும் நெரிசலில் சூடாகும். தினமும் அப்படிப்பட்ட சாலையில்தான் ஓட்டம் என்றால் ஈரக் கிளட்சா, உலர் கிளட்சா என்று கேளுங்கள். நான்காவது, எஞ்சின் விசையைத் திரவம் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர், சுருக்கமாக டிசி. பிரோஷரில் வெறும் ஏடி என்று இருந்தால் பெரும்பாலும் இதுதான், ஆனாலும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஐஎம்டி இந்த நான்கிலும் சேராது. கிளட்ச் பெடல் இருக்காது, கியரை நீங்கள்தான் மாற்ற வேண்டும். பெடல் இரண்டே இருப்பதைப் பார்த்து ஆட்டோமேட்டிக் என்று நம்பிப் பழைய கார் வாங்கியவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். கியர் லீவரின் தலையைப் பாருங்கள்: 1, 2, 3 என்று எண்கள் வரைந்திருந்தால் அது ஐஎம்டி.

வேரியன்ட் எழுத்துகளுக்கு விரிவு தேட வேண்டாம். விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ, எஸ்எக்ஸ் ஆகியவை படிநிலைக்கு வைத்த பெயர்கள். ஒரு கம்பெனியின் வி நடுப்படி, இன்னொன்றின் வி தொடக்கப்படி. வசதிப் பட்டியலை வரி வரியாக ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

படி 3: ஊற்றும் பொருளில் எழுத்து தவறினால் பாகம் போகும்

மற்ற இடத்தில் சுருக்கம் புரியாவிட்டால் சங்கடம்தான். திரவங்களில் புரியாவிட்டால் ரிப்பேர். டப்பாவை வாங்கும் முன் ஓனர்ஸ் மேனுவலின் கடைசிப் பக்கங்களில் உள்ள அட்டவணையைத் திறந்து, எழுத்துக்கு எழுத்து, எண்ணுக்கு எண் ஒத்துப்பாருங்கள்.

பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4, டாட் 5, டாட் 5.1 என்று இருக்கும். டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சுருக்கம். எண் ஏற ஏறத் தரம் உயரும் என்று தோன்றும். டாட் 5 அந்த வரிசையில் சேராது. 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் வகை, 5 சிலிக்கோன். கிளைக்காலோடு சிலிக்கோன் கலக்காது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டிக்கு ஆகவும் ஆகாது. டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம், தலைகீழாகச் செய்யாதீர்கள். புதிய டாட் 3-ன் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி, டாட் 4-க்கு 230. காற்றிலிருந்து ஈரம் இழுத்த பிறகு அவை 140-க்கும் 155-க்கும் இறங்கிவிடும். கொடைக்கானல் மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது பழைய ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் பெடல் பஞ்சு போல் உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது அதனால்தான். என்ன ஊற்ற வேண்டும் என்று தேடி அலைய வேண்டாம், வண்டியிலேயே உள்ள பிரேக் ஆயில் தொட்டியின் மூடியில் பொறித்திருக்கும்.

டயர் பக்கவாட்டிலும் டாட் என்று பொறித்திருப்பார்கள். மூலம் அதே துறைதான், வேலை வேறு. அந்த வரிசையின் கடைசி 4 எண்கள் தயாரித்த வாரமும் ஆண்டும்: 3523 என்றால் 2023-ன் 35-வது வாரம். டயரில் 185/65 ஆர்15 88எச் என்று இருந்தால் 185 மி.மீ. அகலம், பக்கச்சுவர் உயரம் அகலத்தில் 65 சதவீதம், 15 அங்குல ரிம். ஆர் என்பது ரேடியல்; ஆரம் என்று பலர் நினைப்பது தவறு. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. மாற்றும்போது இந்த இரண்டும் குறையக் கூடாது. டிடபிள்யூஐ என்ற எழுத்துக்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு மேடு இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் 1.6 மி.மீ. தான் மிச்சம், டயரை மாற்றிவிடுங்கள்.

பைக்குக்கு எஞ்சின் ஆயில் வாங்கும்போது 10டபிள்யூ-30 என்ற பாகுநிலை எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. ஜாசோ என்ற ஜப்பானியத் தரக் குறியீட்டில் எம்ஏ அல்லது எம்ஏ2 என்று டப்பாவில் இருக்க வேண்டும். கியர் பைக்கில் கிளட்ச் பிளேட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகின்றன. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருக்கலாம். அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், ஆர்பிஎம் ஏறும், வண்டி ஓடாது. கியரில்லாத ஸ்கூட்டருக்கு எம்பி வகை. டிபிஎஃப், அதாவது புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள டீசல் காருக்கு ஏசிஇஏ சி வகை எனப்படும் சாம்பல் குறைந்த ஆயில்.

ஏடிஎஃப் டார்க் கன்வர்ட்டர் கியர்பாக்ஸுக்கு, சிவிடிஎஃப் சிவிடிக்கு. "ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்" என்று பொதுவாகக் கேட்டு வாங்கியதை சிவிடியில் ஊற்றினால் பெல்ட்டும் புல்லியும் தேய்ந்து முழு கியர்பாக்ஸும் போகும்.

டிஇஎஃப் என்பது டீசல் புகையின் மாசைக் குறைக்க உதவும் 32.5 சதவீத யூரியாக் கரைசல். நீல மூடியுள்ள தனித் தொட்டியில் ஊற்றுவது. தவறி டீசல் டேங்கில் விட்டுவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்து கொண்டுபோய் டேங்கைக் கழுவினால் செலவு அதோடு நிற்கும். பம்ப் இழுத்துவிட்டால் இன்ஜெக்டர் வரை போகும்.

டிபிஎஃப் விளக்கு எரிந்தால் பயந்து எஞ்சினை அணைக்க வேண்டாம். புகைக்கரி சேர்ந்திருக்கிறது, அதை எரிக்க ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் 60 கி.மீ.க்குக் குறையாத சீரான வேகத்தில் 15, 20 நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். உங்கள் காருக்கு எவ்வளவு என்று மேனுவலில் இருக்கும். தினமும் மூன்று கி.மீ. மட்டும் போய் வருபவர் டீசல் கார் வாங்க வேண்டாம் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

படி 4: எஞ்சின் விளக்கும் பழுதுக் கோடும்

மஞ்சள் எஞ்சின் விளக்கை எம்ஐஎல் என்றும் செக் எஞ்சின் என்றும் சொல்வார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட்டில் ஒரு புளூடூத் ஸ்கேனரைச் செருகினால் போனில் கோடு, அதாவது பழுதைக் குறிக்கும் ஓர் எழுத்தும் எண்களும் வரும். முதல் எழுத்து பவர்டிரெயினின் பி என்றால் எஞ்சினும் கியர்பாக்ஸும், சி என்றால் சேசிஸ், யு என்றால் கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான தொடர்பு. ஆங்கிலத்தில் உள்ள இன்னொரு பி பாடி சார்ந்தது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், அதனால் கோடை ஸ்கிரீன்ஷாட்டாகவே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த எண் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு, 1 என்றால் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோடு. 1-ல் தொடங்குவதைப் பொதுப் பட்டியலில் தேடினால் வேறு காரின் விளக்கம் கிடைக்கும்.

புதியவர் ஏமாறும் இடம் எது என்றால், கோடு சொல்வது அறிகுறியை. கெட்டுப்போன பாகத்தை அல்ல. எஞ்சின் கோடு 0171-ஐ எடுத்துக்கொள்வோம். பேங்க் 1-ல், அதாவது முதல் சிலிண்டர் வரிசையில், கலவை லீன்: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. நாலு சிலிண்டர் வரிசை எஞ்சினில் இருப்பதே ஒரு பேங்க்தான். புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஓ2 சென்சார் கொடுத்த தகவலை வைத்து இந்தக் கோடு வருவதால், பல இடங்களில் அந்த சென்சாரையே மாற்றிவிடுகிறார்கள். விளக்கு சில நாளில் மறுபடி எரிகிறது. காரணம் பெரும்பாலும் விரிசல் விட்ட காற்றுக் குழாய், உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரில் ஏறிய அழுக்கு, அடைத்த ஃபியூவல் ஃபில்டர், சோர்ந்துபோன பம்ப்.

பிரித்துப் பார்க்க ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து எல்டிஎஃப்டி என்ற வரியைப் பாருங்கள். எஞ்சின் கம்ப்யூட்டர் நீண்டகாலமாக எவ்வளவு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சமாளிக்கிறது என்பதன் சதவீதம் அது. கூட்டல் 10-ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம். எஞ்சின் சூடான பின் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் பாருங்கள், பிறகு 2,500 ஆர்பிஎம்மில் பிடித்துப் பாருங்கள். ஐடிலில் அதிகமாக இருந்து ஆர்பிஎம் ஏறியதும் குறைந்தால் எங்கோ காற்று கசிகிறது. பாரம் கூடக்கூட அதிகமானால் பெட்ரோல் வரத்தையோ மாஃபையோ பாருங்கள். நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் மாஃப் கிடையாது, மேப் சென்சார்தான். மாஃப் உள்ளே போகும் காற்றின் எடையை அளக்கும், மேப் மேனிஃபோல்டின் அழுத்தத்தை. அதனால் மேப் உள்ள வண்டியில் காற்றுக் கசிவு லீன் கோடாக வராமல், ஐடில் ஆர்பிஎம் உயர்ந்து நிற்பதாகவே பல சமயம் தெரியும். எந்த சென்சார் என்று தெரியாமல் அடுத்தவர் காருக்கு எழுதிய தீர்வைப் பின்பற்றினால் வீண்செலவு.

டிபிஎஸ்ஸும் டிபிஎம்எஸ்ஸும் ஒன்றல்ல. முன்னது திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார், பின்னது டயர் காற்று. சில கார்களில் டயருக்குள் சென்சாரே இருக்காது. ஏபிஎஸ் சக்கர வேகத்தை வைத்து ஊகிக்கும். அப்படிப்பட்ட காரில் காற்று நிரப்பிய பின் ரீசெட் செய்யாவிட்டால் விளக்கு அணையாது.

படி 5: இன்சூரன்ஸ் காகிதத்தில் இரண்டே இரண்டு

ஐடிவியும் என்சிபியும். ஐடிவி என்பது வண்டி திருடுபோனாலோ முழுக்க நொறுங்கினாலோ கிடைக்கும் உச்சத்தொகை. இரண்டு கொட்டேஷனில் ஒன்று மட்டும் மலிவாக இருந்தால் முதலில் இதைத்தான் ஒப்பிடுங்கள். பெரும்பாலும் ஐடிவியைக் குறைத்திருப்பார்கள். என்சிபி, கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கான தள்ளுபடி: 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஐந்து ஆண்டில் ஏறும். இது ஓடி, அதாவது சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டும்; டிபி எனப்படும் மூன்றாம் தரப்புப் பகுதிக்கு இல்லை. தள்ளுபடி உங்களுக்கு உரியது, காருக்கு அல்ல. பழைய காரை விற்கும்போது என்சிபி சான்று வாங்கி வைத்தால் 3 ஆண்டுக்குள் வாங்கும் புதுக் காருக்குப் பயன்படும். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் சேர்த்ததெல்லாம் போய்விடும். சின்னக் கீறலுக்கு கிளெய்ம் போடும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

படி 6: கேட்கும் முறை

"இதன் ஃபுல்ஃபார்ம் என்ன?" என்று மட்டும் கேட்டால் மூன்று ஆங்கிலச் சொற்கள் கிடைக்கும், விஷயம் கிடைக்காது. இப்படிக் கேளுங்கள்: "இது வண்டியில் எங்கே இருக்கிறது? என்ன வேலை செய்கிறது? கெட்டால் என்ன தெரியும்? இப்போது நான் எதுவும் செய்யாவிட்டால் என்ன ஆகும்?" சர்வீஸ் பில்லில் புரியாத வரி இருந்தால் பணம் கட்டும் முன் அட்வைசரிடம் வரி வரியாகக் காட்டிக் கேளுங்கள், பாகம் மாற்றியதாக இருந்தால் பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். எஃப்ஓசி என்று எதிரே இருந்தால் அது இலவசம். மொத்தத்தில் சேர்த்திருக்கிறார்களா என்று கூட்டிப் பாருங்கள்.

தெரிந்தவர்களிடம் எழுதிக் கேட்பதாக இருந்தால் வண்டியின் பெயர், ஆண்டு, பெட்ரோலா டீசலா, எந்த கியர்பாக்ஸ், எத்தனை கி.மீ. ஓடியது, சுருக்கத்தை எங்கே பார்த்தீர்கள் என்ற ஆறையும் முதல் செய்தியிலேயே எழுதுங்கள், முடிந்தால் போட்டோவும். பதில் சொல்லும் இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு சுருக்கத்தை முதன்முறை எழுதும்போது அது என்ன பாகம் என்று ஒரே ஒரு சொல்லைச் சேருங்கள்: "இஜிஆர் வால்வு", "டிசிஎஸ் வரி", "டாட் 4 பிரேக் ஆயில்". எழுத ஒரு வினாடி ஆகும். படிப்பவர் தவறான டப்பாவோடு கடையிலிருந்து திரும்பாமல் இருப்பார்.